அக்கபுல்கோவுக்குப் போய்வர இரண்டு ரிக்கற்

கொறற்றி கடைக்குள் வந்து, அக்கபுல்கோவுக்கு இரண்டு ரிக்கற் வேண்டும் என்று கேட்டபோது நான் செய்த முதல் வேலை, பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்த வாடிக்கைக்காரி பிறேமாவை நாளைக்குப் புதுக்காய் வரும் என்று சொல்லி அனுப்பிவைத்ததுதான். இரண்டாவது வேலை கடைக்கதவைச் சாத்தியது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவம்பர் மாதம் அது. ஜேர்மனியில், ஹம் நகர ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் என் கடை. அரிசி, கருவாடு, வீடியோக் கசற், பூப்புனித நீராட்டு விழாவுக்கு வாடகை மாலை. உள்மூலையில் ஒரு மேசை போட்டு விமான ரிக்கற்றும் விற்றேன். யாழ்ப்பாணம் பெரியகடையில் என் தகப்பன் புடவைக்கடை வைத்திருந்தவர். வந்த ஆள் வாயால் கேட்பது ஒன்று, வாங்க வந்தது இன்னொன்று என்பதை நான் எழுத்துக் கூட்டப் பழகமுன்பே அங்கே பழகிவிட்டேன். சிவப்புச் சேலையை விரி, மஞ்சளை விரி என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருப்பாள், கண் மட்டும் தட்டில் இருக்கிற நீலத்துக்குப் போய்ப்போய் வரும். பேசாமல் நீலத்தை எடுத்து முன்னால் வைத்தால் வியாபாரம் முடிந்தது.

கொறற்றி மெக்சிக்கோ என்று சொன்னதும் எனக்குத் தெரிந்த நீலம் கனடா.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் ஒருவர் மெக்சிக்கோவுக்குப் போகிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அங்கேயிருந்து அமெரிக்கா, அமெரிக்காவிலிருந்து கனடா. ஆனால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கலியாணத்துக்குப் போகிறோம் என்பார்கள், மாதா கோயிலுக்கு நேர்த்தி என்பார்கள். மூன்று மாதம் கழித்து ரொறன்ரோவிலிருந்து ரெலிபோன் வரும். நாங்கள் எல்லோரும் ஜேர்மனிக்கு வந்ததும் அப்படித்தானே. கண்டியில் ஒரு வைத்தியரைப் பார்க்கப் போகிறேன் என்று அயலுக்குச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவன் நான். போகிற இடத்தை முதலே சொன்னால் காரியம் பிழைத்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் எலும்பில் ஊறிய பயம்.

அதனால் குரலைத் தாழ்த்தி, போக மட்டுமா, போய்வரவா என்று கேட்டேன். போய்வர, பத்து நாள் என்றாள். நான் சரி, போய்வரத்தான் என்று சொல்லி ஒரு கண்ணை மெல்ல மூடித் திறந்தேன்.

"கண்ணுக்கை என்னண்ணை, தூசியோ?" என்றாள் கொறற்றி.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். மன்னார் பேசாலைக்காரி. ஒரு முதியோர் இல்லத்தில் வயோதிபர்களைக் குளிப்பாட்டித் தூக்கி இருத்துகிற வேலை. கணவன் ராசனுக்குக் கம்பி ஆலையில் வேலை. பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் ஜேர்மனிக்கு வந்து பத்து வருடம், அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம் கையில் இருந்தது.

நான் கேட்காமலே அவள் கதை சொன்னாள். நகர நூலகத்தில் ஒரு படப்புத்தகம் பார்த்தாளாம். அக்கபுல்கோவில் கடலோரம் ஒரு செங்குத்துப் பாறை, அதன் உச்சியில் மாதாவுக்கு ஒரு சின்னக் கூடு. ஆண்கள் அங்கே நின்று செபம் செய்துவிட்டுத் தலைகீழாகக் கீழே கடலுக்குள் பாய்வார்கள். அலை உள்ளே வருகிற நேரம் பார்த்துப் பாயவேண்டும், பிந்தினால் கல்லு. அதே ஊருக்கு முன்னொரு காலத்தில் மணிலாவிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை பட்டும் பீங்கானுமாக ஒரு கப்பல் வருமாம். அது வந்த அன்று ஊரே சந்தையாகிவிடுமாம். இருநூற்றைம்பது வருடம் இந்த வியாபாரம் நடந்தது என்று அவள் சொன்னபோது, எனக்கே ஒருமுறை போய்ப் பார்க்கலாமோ என்று இருந்தது. இதற்கெல்லாம் மேலே அவளுக்குப் பிடித்த விசயம், அந்த ஊரில் எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்பது. இதுவரைக்கும் அவள் விடுமுறைக்கென்று போனதெல்லாம் பாரிசில் மச்சாள் வீடு, லண்டனில் ஒன்றுவிட்ட தமையன் வீடு. ஹோலில் பாய் விரித்துப் படுத்து, அவர்களுடைய கோப்பை கழுவி, ஆறு நாளில் நாலு பிறந்தநாள் விழாவுக்குப் போய்த் திரும்புவது.

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"நான் விட்டிட்டு வந்த ஒரு இடத்துக்கும் திரும்பிப் போகேல்லை, ஆனந்தண்ணை. பேசாலையை விட்டன், கொழும்பை விட்டன். விட்டதெல்லாம் ஓடி வந்தது. ஒருக்காலெண்டாலும் ஒரு இடத்துக்கு என்ரை விருப்பத்துக்குப் போய், பாத்திட்டு, என்ரை விருப்பத்துக்குத் திரும்பி வரவேணும்."

எவ்வளவு திறமாகக் கதை கட்டியிருக்கிறாள் என்று நான் மனதுக்குள் மெச்சினேன்.

அடுத்த கிழமை ராசன் தனியே வந்தான். ரேசனில் கிடைக்கிற சாமான் மாதிரிச் சொற்களைச் செலவழிக்கிற மனிதன். ஒரு போத்தல் நல்லெண்ணெயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். திரும்பி வருகிற ரிக்கற் உண்மைக்கும் வேண்டுமா, காட்டுவதற்கு மட்டும்தானா என்று கேட்டான். கொறற்றி என்ன சொல்கிறாள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"அவள் வீட்டிலையும் சுத்திப் பாக்கப் போறம் எண்டுதான் சொல்லுறாள்," என்றான். "கெட்டிக்காரி. நானும் ஒண்டும் கேக்கேல்லை."

அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அவனுடைய தம்பி எமில் ஐந்து வருடமாக ரொறன்ரோவில். ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுத்து, இங்கே வா, வா என்று கரைச்சல் கொடுப்பவன். கொறற்றி இவ்வளவு காலமும் கனடா என்றால் முகத்தைத் திருப்புவாளாம். இப்போது மனம் மாறி, சத்தமில்லாமல் எல்லாவற்றையும் தானே ஒழுங்கு செய்கிறாள் என்று ராசன் நம்பினான். வேலையைவிட்டு விலகுகிறேன் என்று ஆலைக்குக் கடிதம் எழுதி, புறப்படுகிற கிழமை கொடுக்க வைத்திருப்பதையும் எனக்கு மட்டும் சொன்னான்.

கட்டின புருசனே அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வேறு சாட்சி எதற்கு? பெப்ரவரியில் திரும்புகிற விமானங்களில் இடம் பிடிப்பது பெரும்பாடு. ஒருவரும் இருக்கப்போகாத இருக்கைக்கு ஏன் மல்லுக்கட்டுவான் என்று, திரும்புகிற பயணத்தைக் காத்திருப்போர் பட்டியலிலே விட்டுவிட்டேன். எமில் கடைக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டபோது விடுதியின் பெயரையும் கொடுத்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

கொறற்றி சொன்னதை நம்பிய ஆள் ஒரே ஒருவர்தான். அப்போது ஜேர்மன் அரசாங்கம் இருந்த பொன் என்னும் நகரில், மெக்சிக்கோத் தூதரகத்தின் விசா அதிகாரி. வேலைக் கடிதம், வங்கிப் பத்திரம் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு புரட்டிக்கொண்டிருந்தவருக்கு இவள் தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் மணிலாக் கப்பலின் கதையைச் சொல்லியிருக்கிறாள். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்.

எங்கள் ஆட்கள் நம்பவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் பிறேமா ஒரு கிலோ மிளகாய்த்தூளைப் பொதி செய்துகொண்டு போய், இதை என் அக்காவிடம் கொடுத்துவிடு என்றாள். பிறேமாவின் அக்கா இருப்பது கனடாவில், ஸ்காபரோவில்.

"அக்கபுல்கோவிலை உங்கடை அக்காவை நான் எந்தத் தெருவிலை தேடுறது?" என்று கொறற்றி கேட்டாள்.

பிறேமா அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டு, இவளைப்போல வாய் இறுக்கமான பொம்பிளையை நான் கண்டதில்லை என்று வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை போனார்கள். அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் கடை ரெலிபோன் அடித்தது. கொறற்றி.

அவள் அன்றைக்குப் பாதியும் பிறகு மீதியுமாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். முதல் இரண்டு நாளும் அவளுக்குச் சொர்க்கம். பழைய ஊரின் சதுக்கத்தில் நீலக் கூரைக் கோயில், அங்கே ஒரு சொல்லும் விளங்காத பூசையில் சரியான இடத்தில் எல்லாம் ஆமென் சொன்னாள். கடற்கரையில் மாங்காயை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்கள். துறைமுகத்துக்கு மேலே கப்பலைக் காவல்காத்த பழைய கோட்டை. ராசன் அதன் வாசலில் நின்றுவிட்டான். எங்கள் ஊரில் கோட்டை என்றால் இராணுவ முகாம்தானே, ஆமி எங்கே என்று கேட்டானாம். ரிக்கற் எடுத்துக்கொண்டு உள்ளே போகக்கூடிய கோட்டையை அவன் வாழ்க்கையில் கண்டதில்லை. உள்ளே போன பிறகும் காட்சிக்கு வைத்திருந்த பீங்கானை அவன் பார்க்கவில்லை, மனிதர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு திரிந்தான். கண்ணுக்குக் கண் பார்க்கிற ஒவ்வொரு ஆணுக்கும் மெல்லத் தலையசைத்தான். வெளிநாட்டில் வெட்கம் போய்விட்டது, நல்லதுதான் என்று கொறற்றி நினைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் பாறைக்குப் போனார்கள். பாய்கிறவர்கள் ஒவ்வொருவராக மாதாவுக்கு முன் முழந்தாளிட்டு எழும்பிப் பாய்ந்தார்கள். கொறற்றி செபமாலையைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்து சனங்கள் படியேறுகிற நேரம், உடம்பெல்லாம் ஈரம் சொட்ட ஒருவன் ராசனுக்குக் கிட்ட வந்து, முகத்தை முகத்தோடு வைத்து ஏதோ மெதுவாகச் சொன்னான். ராசன் உடனே பையைத் தோளில் மாட்டினான்.

"வா, ஆள் வந்திட்டான்," என்றான்.

"எந்த ஆள்?"

"கூட்டிக்கொண்டு போற ஆள்."

பாய்ந்தவர்கள் பார்க்க வந்தவர்களிடம் அன்பளிப்புக் கேட்பது அங்கே வழக்கம். அதுதான் அந்த ஆள். அவன் நீட்டின கையை ராசன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கொறற்றி சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாய்க் கேட்டாள். எமில், ஆலைக் கடிதம், எல்லாம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. பார்வையாளர் படிக்கட்டில் குந்தினவள், காவலாளி வந்து சொல்லும்வரை எழும்பவில்லை.

"நீங்களும் அப்பிடித்தான் நினைச்சனீங்களோ, ஆனந்தண்ணை?" என்று ரெலிபோனில் கேட்டாள்.

ஒரு கிலோ பச்சையரிசியின் அருமையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசக்கூடிய நான் ஓம் என்று ஒரே ஒரு சொல் சொன்னேன்.  அப்படியென்றால் திரும்பி வருகிற விமானத்தில் இடம் உண்மையாகவே இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். இடத்தை எடுத்துத் தாருங்கள், ஆலைக்கும் ஒருக்கால் போய்க் கதையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கம்பி ஆலைக்குப் போனேன். ராசனுடைய மேலாள் கோஸ்டர் என்கிற மீசைக்காரர். பேரம் பேசுவதற்கென்று மூன்று பொய்யை வழியில் தயார்செய்து கொண்டுபோயிருந்தேன். அந்த மனிதரின் முகத்தைக் கண்டதும் மூன்றும் சரிவராது என்று தெரிந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன். நாட்டைவிட்டுப் போவதாக நினைத்துத்தான் ராசன் கடிதம் கொடுத்தார், போன பிறகுதான் தெரிந்தது அது வெறும் விடுமுறை என்று. கோஸ்டர் இன்னொருமுறை ஆறுதலாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எங்கே போகிறோம் என்று அவன் மனைவியிடம் கேட்கவில்லையா என்றார். இல்லை என்றேன். தன் மனைவியும் ஒவ்வொரு வருடமும் எங்கோ ஒரு இடத்துக்குப் பதிவு செய்கிறாள், தானும் விமானத்தில் ஏறின பிறகுதான் இடத்தைக் கேட்பது என்று சொல்லிக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டார். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் அதைக் கிழிப்பேன், நில்லாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்புவேன் என்றார்.

விமான இடம்தான் கோஸ்டரைவிடக் கடினமாக இருந்தது. நாள் முழுக்க ரெலிபோனில் கெஞ்சிக் கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை விமானத்தில் ஒரு இடம், சனிக்கிழமை விமானத்தில் ஒரு இடம். விடுதிக்கு ரெலிபோன் எடுத்துக் கொறற்றிக்குச் சொன்னேன். அதற்கிடையில் எமில் அங்கே மூன்று தரம் ரெலிபோன் எடுத்துவிட்டான். வந்ததுதான் வந்தாய், உண்மையாகவே ஒரு ஆளைப் பிடித்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை காலை வண்டியோடு விடுதி வாசலுக்கு வருவான் என்று ராசனுக்குச் சொல்லியிருக்கிறான். ராசன் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

வேலை போகப்போகிறவன் முதலில் வரட்டும், ராசனை வியாழன் ஏற்றிவிடு என்று கொறற்றியிடம் சொன்னேன்.  இல்லை, தான்தான் முதலில் வருவதாக அவள் சொன்னாள். விடுதி வாசலுக்கு ஆள் வருகிற நாளில் அவனைத் தனியே விட்டுவிட்டா என்று கேட்டேன்.

"நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தால் அது திரும்பி வாறதில்லை, அண்ணை. அது பிடிச்சு அனுப்புறது. எங்களை ஆராரோ பிடிச்சு அனுப்பினது காணும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிராங்பேர்ட்டில் இறங்கி, ரயிலில் ஹம்முக்கு வந்து, தன் வீட்டைத் தானே திறந்துகொண்டு போனாள். அன்றிரவே நான் அக்கபுல்கோ விடுதிக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே அப்போது மத்தியானம். வரவேற்பில் இருந்தவன் அரைகுறை ஆங்கிலத்தில், அந்த ஐயா காலையிலே பெட்டியோடு போய்விட்டார் என்றான். ஒரு வண்டி வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றான்.

நான் இதைக் கொறற்றிக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் சாமான் வாங்க வந்தாள். ஊரில் பாதி என் கடையில்தான் நின்றது. அவள் தனியே வந்ததைக் கண்டதும் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு ஆள் முன்னுக்குப் போய்ச் சேர்ந்து மற்ற ஆளைக் கூப்பிடுவதுதானே வழக்கம். பிறேமா கொறற்றியின் கையைப் பிடித்து, கவலைப்படாதே, அவர் போய் அங்கே இருக்கிறதுக்குக் காட் எடுத்து ஒரு வருடத்தில் உன்னைக் கூப்பிட்டுவிடுவார் என்று ஆறுதல் சொன்னாள். அவர் நாளைக்கு வருகிறார் என்றாள் கொறற்றி. பிறேமா என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"முருங்கைக்காய் இருக்கோ, ஆனந்தண்ணை?" என்று கொறற்றி கேட்டாள். "நாளைக்கு ரெண்டு பேருக்குச் சமைக்கவேணும்."

ஞாயிற்றுக்கிழமை கடைச் சாமான் ஏற்றுகிற என் வானில் அவளை ஏற்றிக்கொண்டு பிராங்பேர்ட்டுக்குப் போனேன். இரண்டரை மணித்தியால ஓட்டம். சீகன் மேடுகளில் பனி கொட்டியது. பாதி வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. ராசன் வெள்ளிக்கிழமை காலையே விடுதியைவிட்டுப் போய்விட்டான், வண்டியும் வந்தது என்று சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "நானும் எடுத்துக் கேட்டனான்."

தெரிந்துகொண்டா வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ராசனுடைய குளிர் அங்கி கிடந்தது. அதன் பொத்தான் ஒன்றைப் போட்டுப்போட்டுக் கழற்றினாள்.

விமானம் நேரத்துக்கு இறங்கியது. தானாகத் திறக்கிற கதவுக்கு முன்னால் நின்றோம். வெயிலில் சிவந்த ஜேர்மன்காரர் பெரிய பெரிய ஓலைத் தொப்பிகளோடு வந்தார்கள். பிறகு குழந்தைகளோடு வருகிறவர்கள், பிறகு தள்ளுவண்டியில் வருகிற வயோதிபர்கள். கதவு திறப்பது குறைந்தது. விமானப் பணிப்பெண்கள் தங்கள் சின்னப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கடையில் நாளைக்கு என்ன சொல்வது என்று மனது தானாகவே ஒரு கதை கட்டத் தொடங்கியது. கொறற்றி மட்டும் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அங்கியை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருந்தாள், அடுத்ததாக வருகிற ஆளுக்குப் போடப்போகிறவள் போல.

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. மூக்கின் தோல் உரிந்துபோய், அரைக்கைச் சட்டையோடு ராசன் வந்தான்.

ஓடிப்போகவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. அவள் அங்கியைப் பிடித்தாள், அவன் அதற்குள் கையை விட்டான். குளிருது என்று அவன் சொன்னான். குளிராமல் என்ன செய்யும் என்று அவள் சொன்னாள். இவ்வளவு நேரம் ஏன் என்று நான்தான் கேட்டேன். அதிகாரிகள் அவனுடைய நீலப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு இலங்கைத் தமிழன் மெக்சிக்கோவரைக்கும் போய் ஏன் திரும்பி வந்தான் என்பது அவர்களுக்கும் விளங்கவில்லை.

வானில் அவர்கள் இரண்டு பேரும் பின் இருக்கையில். எமிலுடைய ஆள் என்ன ஆனான் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, கொறற்றியும் கேட்கவில்லை. அவனாகவே தொடங்கினான். எமில் மணிக்கொருதரம் ரெலிபோன் எடுத்து இருக்கவிடவில்லையாம். அதனால் விடுதியைவிட்டுப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்கு மாறியிருக்கிறான். மாறப் புறப்பட்ட நேரம் வண்டிக்காரன் வந்துவிட்டான். நான் வரவில்லை என்று கையாலும் தலையாலும் ராசன் சொன்னான். அவ்வளவு தூரம் ஓட்டிவந்த மனிதன் முகம் வாடி நின்றது அவனுக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

"ஒரு மணிக் காட்சிக்கு ரெண்டு ரிக்கற் எடுத்தன்," என்றான் ராசன். "அந்தாளும் வந்து பாத்திட்டுப் போனான்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். கொறற்றி வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ராசன் நிறுத்தவில்லை. பத்து வருடத்தில் அவன் பேசினதைக் கூட்டினாலும் அன்றைக்குப் பேசின அளவு வராது. முதல் தரம் போனபோது தான் ஒன்றையும் பார்க்கவில்லை, ஆள் தேடினதுதான் மிச்சம் என்றான். வெள்ளிக்கிழமை மூன்று தரம் பார்த்தானாம். பாய்கிறவன் கையை விரித்துக்கொண்டு கடலைப் பார்க்காமல் அலையின் சத்தத்தைக் கேட்கிறானாம். கீழே தண்ணீர் வற்றிக் கல்லுத் தெரிகிற நேரத்தில்தான் காலை எடுக்கிறானாம், அவன் வந்து விழுகிற நேரத்துக்குள் அலை வந்து நிரம்பிவிடுமாம். கொறற்றி எல்லாவற்றையும் அவனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

"எவ்வளவு உயரமிருக்கும்?" என்று கேட்டாள்.

ராசன் யன்னல் கண்ணாடியில் பிடித்திருந்த ஆவியைக் கையால் துடைத்துவிட்டு, வெளியே ஒரு கிராமத்துக் கோயில் கோபுரத்தைக் காட்டினான். அதைவிட உயரம் என்றான். அவள் அவன் பக்கமாகச் சரிந்து, தலையைத் திருப்பி, பனிக்குள் கோபுரம் மறையும்வரை பார்த்தாள்.